ஒன்பதாம் படுக்கை அம்மா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நான் நலம். மாமா நலமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறார். மேடம் முக்கால் நலம். உனக்கு இடுப்பு வலி குறைந்ததா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து முத்திரை குத்தும் சிறை அலுவலர் ஐயாவும் நலமாக இருக்க வேண்டும். ஐயா, என் கையெழுத்து மோசம்தான், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மேடம். உன் மகளுக்கு ஒரு வயசு ஆவதற்குள் நடை வந்துவிட்டது, திமிர் அதற்கும் முன்னால் வந்துவிட்டது. நேற்று என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தின்றாள். எனக்கு ஏறாத கணக்கு அவளுக்காவது இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். (பாதியைத் தோண்டி எடுத்துவிட்டேன், பயப்படாதே.) மூக்கு ஒழுகுகிறது, கொஞ்சம் இருமல். அதற்கு ஏன் இருமல் என்று பேர் வைத்தார்கள், ஒருமல் என்று ஏன் வைக்கவில்லை என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஒன்றோடு நிற்பதில்லை, அதுதான் காரணம்.

அடுத்தது உன் வீட்டுக்காரர், அதாவது மாமா. கம்பெனியில் இருந்து ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறார். "அவசரக் கதவு ஒருபோதும் பூட்டப்பட்டதில்லை. வேலைநிறுத்த நாளில் கெட்ட எண்ணத்தோடு அதன் பூட்டை உடைத்தேன். வருந்துகிறேன்." கீழே உன் கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்களாம், நீ உடனே வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

"பூட்டாத கதவுல எதுக்கு மாமா பூட்டு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வாயை மூடுடா" என்றார்.

கதவோ வாயோ, அவர்களுக்குத் திறந்திருந்தால் பிடிக்காது. மாமாவும் அதே கம்பெனியில் சூப்பர்வைசர் இல்லையா, பழக்கதோஷம். அடுத்த பார்வையாளர் நாளில் தாளோடு வருவார். தயாராக இரு.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த வால்

—

ஜூன் 15

வாலுக்கு,

நலம். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. என்னைப் போலவே அதற்கும் ஜாமீன் கிடைக்கவில்லை.

மாமாவிடம் சொல், அந்தத் தாளைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வர வேண்டாம். பொம்மைக்குப் பஞ்சு அடைக்கிற கூடத்தில் ஒரே ஒரு அவசரக் கதவு. சுற்றிலும் பஞ்சும் பசையும். நாங்கள் பொம்மை திருடிக்கொண்டு போய்விடுவோமாம், அதற்காக அதில் பூட்டு. மின்கம்பி கருகிப் புகை கிளம்பிய அன்று அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது நான். எனக்குப் பின்னால் கூடமே நெருக்கியடித்து நின்றது. புகை தானாக அடங்கியதால் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அப்புறம் வேலைநிறுத்தத்தன்று சுத்தியலோடு போனதும் நான்தான். என்னோடு வழக்கில் இன்னும் நாலு பெண்கள் இருக்கிறார்கள். நான் பொய் எழுதினால் அவர்களும் பொய்க்காரிகள் ஆவார்கள், பூட்டு மறுபடியும் தொங்கும்.

அதை விடு. இருமல் எப்படி இருக்கிறது? சட்டையைக் கழற்றிவிட்டுப் பார். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா? பால் குடிக்கும்போது விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாளா? அப்படி இருந்தால் மாமா வரட்டும் என்று காத்திருக்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. உன்னை வளர்த்தவள் சொல்கிறேன், அந்த வயசில் நீயும் இப்படித்தான் படுத்தினாய்.

பள்ளிக்கூடம் போகிறாயா?

அக்கா

—

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு உன் நலம் கேட்கிறேன். இடுப்பு எப்படி? அலுவலர் ஐயா, கண்ணாடி போட்டாயிற்றா?

குழி விழுந்தது. காத்திருக்கவில்லை, ஓடினேன். நீ சிறையில், மேடம் சிறார் பிரிவில். ஆரம்ப எழுத்து ஒன்றுதான். சாப்பாடும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு குட்டை டாக்டர் இருக்கிறார். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தே விடுவது போலக் கேட்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு வைரஸ், நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்கள் வரைக்கும் இறங்கி வீங்க வைத்திருக்கிறது, அதற்குள் சளி அடைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் வெறும் ஜலதோஷம், இவ்வளவு சின்னக் குழாய்க்கு அதுவே அடைப்பு. அதைக் கொல்ல மருந்து கிடையாது. மூக்கில் ஆக்சிஜன், சளியை உறிஞ்சி எடுப்பது, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால், அவ்வளவுதான். மற்றதை உடம்பே பார்த்துக்கொள்ளுமாம். ஆக மொத்தம் காத்துக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறோம்.

இனி முக்கியச் செய்தி. இந்த வார்டில் ஒரு படுக்கைக்கு ஒரு அம்மா மட்டும்தான் தங்கலாம். தலைமை நர்ஸ் ஒருவர் இருக்கிறார், நான் வைத்த பேர் மேஜர். என்னைப் பார்த்ததும் கதவைக் காட்டினார்.

"ஆம்பளைங்க தங்கக் கூடாது. அம்மா எங்க?"

"வெளியூர்ல, சிஸ்டர்."

"எப்ப வருவாங்க?"

"திறந்துவிட்டா வருவாங்க."

"வேற பொம்பளைங்க யாரும் இல்லையா வீட்ல?"

"எங்க வீட்ல பொம்பளைங்க ரெண்டே பேர். ஒருத்தங்க உள்ள இருக்காங்க, இன்னொருத்தங்க இதோ உங்க கட்டில்ல படுத்திருக்காங்க."

"உனக்கு என்ன வயசு?"

"பதினாறு. நான் ஆம்பளைன்னு மீசையே இன்னும் ஒத்துக்கல, நீங்க ஏன் அவசரப்படுறீங்க?"

சிரிக்கவில்லை. மேடத்தின் ஈரத்துணியைக் காட்டி, "மாத்து" என்றார். நான் மாற்றிய வேகத்தைப் பார்த்துவிட்டு, குழாயடிக்குக் கூட்டிப்போய், நகக்கண்ணில் இருந்து முழங்கை வரைக்கும் எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டினார். "கழுவாம குழந்தையைத் தொட்டேன்னா மீசை முளைக்க விடமாட்டேன்" என்றார்.

இங்கே யாருக்கும் பேர் கிடையாது. படுக்கை எண்ணோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் மேஜர் குரல் கொடுத்தார். "ஒன்பதாம் படுக்கை அம்மா, பால் நேரம்." வார்டே திரும்பிப் பார்த்தது. நான் கம்பீரமாக எழுந்து போனேன்.

உன் மகளுக்குத் தற்காலிகத் தாய்,
வாலு

—

ஜூன் 27

வாலுக்கு,

உன் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மீசை விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள்.

நான் சிரித்து முடித்துவிட்டு மறுபடி படித்தேன். ஆக்சிஜன் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. தூக்கத்தில் முனகுகிறாளா என்று எழுதவில்லை. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா? பொம்மையைக் கொடுத்தால் பிடுங்குகிறாளா, கையிலேயே விட்டுவிடுகிறாளா? இதையெல்லாம் எழுது. வேடிக்கையையும் எழுது, அது இல்லாமல் இங்கே யாருக்கும் பொழுது போகாது.

மாமா வந்தார், தாளைக் காட்டினார். நான் கம்பிக்கு வெளியே கையை நீட்டவில்லை. மடித்துக்கொண்டு போனார். குழந்தையைப் பற்றிக் கேட்டால், "பையன் பாத்துக்கிறான்" என்கிறார். பையன் நீதானே? அப்படியானால் பள்ளிக்கூடம்?

கையை நன்றாகக் கழுவு. அந்த நர்ஸ் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா

—

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். இந்தத் தடவை மூன்று பேருக்கும் முழு நலம். பள்ளிக்கூடமும் நலமாக இருக்கிறதாகக் கேள்வி.

மேடம் மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டாள். மாட்டப் போன குட்டை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லாமலே சமாளிக்கிறா, விடுங்க" என்றார். பொம்மை கொடுத்தால் பிடுங்குகிறாள். கொடுக்காவிட்டாலும் பிடுங்குகிறாள், அது பக்கத்துப் படுக்கைக் குழந்தையுடையது.

பதினொன்றாம் படுக்கை அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல்காரர். வாயும் ஊசிதான். நேற்று டாக்டரிடம் சண்டை.

"ஒரு ஊசி போடுங்க, ஒரு மாத்திரை குடுங்க. எதுவுமே குடுக்காம சும்மா பாத்துட்டே இருந்தா எப்படி?"

"இது வைரஸ்மா. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்குத்தான். இதுக்குக் கேக்காது."

"குடுத்துப் பாத்தா என்ன?"

"இப்ப வீணாக் குடுத்தா, நாளைக்கு நிஜமா தேவைப்படும்போது கேக்காமப் போயிடும்."

நான் புகுந்து விளக்கினேன். ரெண்டு கிருமியும் ஒரே தெருதான், ஆனால் விலாசம் வேறு, ஒருத்தர் பேருக்கு வந்த கடிதத்தை இன்னொருத்தர் பிரிக்க மாட்டார் என்று. (ஐயா, உங்களைச் சொல்லவில்லை.) தையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த ஒன்பதாம் அம்மாவுக்கு ஒரு ஊசி போடுங்க டாக்டர், வாயில" என்றார்.

ரப்பர் கையுறையை ஊதி, மூக்குக் கண்ணாடி வரைந்து, மேஜர் நாற்காலியில் கட்டி வைத்தேன். வந்து பார்த்தார். "என் காது இவ்வளவு சின்னது இல்ல" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் போனார்.

இன்னும் சில நாளில் வீடு. சாயங்காலத்தில் இருந்து உடம்பு லேசாகச் சுடுகிறது. பல் முளைக்கிறது என்கிறார் தையல்காரர்.

வாலு

—

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே. எழுதத் தாமதமாகிவிட்டது, பேனா மை தீர்ந்துவிட்டது, கடை தூரம்.

மேடம் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். இங்கே சாப்பாடு பிடித்துப்போய்விட்டது போல. இப்போது வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், விசாலமான அறை. நன்றாகத் தூங்குகிறாள். மாமா வந்து போகிறார். மழை விடாமல் பெய்கிறது. வேறு விசேஷம் இல்லை.

வாலு

—

ஜூலை 24

வாலுக்கு,

உன் கடிதத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. கடை தூரம் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வாசலில் கடை இல்லாத ஊர் எங்கே இருக்கிறது?

நேற்று மாமா வந்தார், கூடவே கம்பெனி வக்கீல். மாமா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"குழந்தை சாகக் கிடக்கு. மூச்சையே மெஷின்தான் விடுது. உனக்குக் கதவுதான் பெருசா?" என்றார்.

"பையன் அப்படி எழுதலையே" என்றேன்.

"உனக்கு நிஜம் தெரியக் கூடாதுன்னு அவன் அப்படி எழுதுறான்" என்றார்.

வக்கீல் பேனாவைத் திறந்து நீட்டினார். நான் வாங்கவில்லை, தள்ளவும் இல்லை. யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு இரண்டு கதை கிடைத்திருக்கிறது. ஒன்றில் என் மகள் சாகக் கிடக்கிறாள். இன்னொன்றில் சாப்பாடு பிடித்துப் போய்த் தங்கியிருக்கிறாள். பயமுறுத்திக் கையெழுத்து வாங்க ஒருவர் பார்க்கிறார். சிரிக்க வைத்துக் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ள நீ பார்க்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் நான் அவளுடைய அம்மாவா, பொம்மையா?

பஞ்சு அடைத்து அனுப்பாதே. இருப்பதை எழுது.

அக்கா

—

ஜூலை 28

அக்கா,

மாமா சொன்னது உண்மை.

பல் இல்லை. அன்றைக்கே காய்ச்சல் ஏறியது, கண்ணைத் திறக்கவில்லை. படம் எடுத்தார்கள், நெஞ்சின் வலது பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. வைரஸ் புண்ணாக்கிவிட்டுப் போன இடத்தில் பாக்டீரியா வந்து குடியேறிவிட்டது, இப்படிச் சில குழந்தைகளுக்கு ஆகும் என்றார் டாக்டர். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவளுடைய மூக்கிலேயே இருந்திருக்கலாம், இங்கிருந்தும் வந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார்.

நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியது. விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அது ஒரு புட்டியில் வடிகிறது. தொண்டையில் இன்னொரு குழாய், அதுதான் மூச்சுக்கு. அவள் அதைப் பிடுங்காமல் இருக்கத் தூக்க மருந்து கொடுக்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதியது அதைத்தான். முதல் ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. சீழைச் சோதித்துவிட்டு வேறு மாற்றியிருக்கிறார்கள். அது கேட்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

செத்துப்போவாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஆகலாம். ஆகாமலும் போகலாம். நாங்க இன்னும் கையை விடல" என்றார்.

நீ குனிந்துவிடுவாயோ என்றுதான் மறைத்தேன். அக்கா குனிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆசை என்னுடையது, மகள் உன்னுடையவள். போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன்.

நம் வக்கீல் அம்மா நீ வந்து பார்க்க அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார்.

வாலு

—

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வண்டியில் இடுப்பு குலுங்கியதா? அலுவலர் ஐயாவுக்கு வணக்கம், உங்கள் காவலர்கள் இருவரையும் பார்த்தேன், பாவம்.

பதில் போடாமல் நேராக நீயே வந்து நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை. ஒரு படுக்கைக்கு ஒரு அம்மா என்பதால் நீ உள்ளே போனதும் நான் வெளியே வர வேண்டியதாயிற்று. நீ உள்ளே பார்த்தது எனக்குத் தெரியாது, வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வாசலில் நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

"விலங்கைக் கழட்ட எங்களுக்கு ஆர்டர் இல்ல சிஸ்டர்."

"கை கழுவாம உள்ள விட எனக்கும் ஆர்டர் இல்ல. முழங்கை வரைக்கும் கழுவணும். அந்த இரும்பு இடுக்குல என்னென்ன இருக்கோ. கழட்டுங்க."

"அப்படின்னா நாங்களும் கூட வரணும்."

"ஒரு படுக்கைக்கு ஒரு அம்மா. நீங்க ரெண்டு பேரும் யாருக்கு அம்மா?"

நீ அப்போது குனிந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் அந்தப் பெரிய காவலர் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். மேஜர் அதற்கும் ஒரு தட்டு கொடுத்தார். ஊசி போட்ட பஞ்சு போடுகிற தட்டு.

நீ உள்ளே போனதும் மாமா தாளை எடுத்தார். தையல்காரர் அங்கேதான் இருந்தார், அவர் குழந்தை தேறி வீட்டுக்குப் போகிற நாள் அது. தாளை வாங்கிப் படித்தார்.

"ஏங்க, அந்தக் கதவு பூட்டி இருந்துச்சா, இல்லையா?"

மாமா தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"நீங்க அங்கதான வேலை பாக்குறீங்க? உங்களுக்குத் தெரியுமே."

"குழந்தை பிழைக்கணும்மா எனக்கு" என்றார் மாமா.

"அதை நான் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மாமா அதைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

அப்புறம் நீ வெளியே வந்தாய். மாமா தாளை நீட்டினார். "கை ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு விலங்குக்குக் கையை நீட்டினாய். போய்விட்டாய்.

ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சு அடைக்காதே என்று நீதான் சொன்னாய். அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டு, திரும்பி உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவ்வளவு நாள் நீ போடக் கூடாது என்று மறைத்தவனும் நான்தான். உன் கை நிஜமாகவே ஈரமாக இருந்ததா?

வாலு

—

ஆகஸ்ட் 14

வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இடுப்பைப் பற்றி இனி கேட்காதே, அதுவும் நானும் சமாதானமாகிவிட்டோம்.

கை காய்ந்துதான் இருந்தது.

உள்ளே நடந்தது இது. அந்த நர்ஸ் அம்மா ஒரு நாற்காலி போட்டுவிட்டு, "பேசுங்க, காது கேக்கும்" என்றார். நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஏற்றுகிறது, நெஞ்சு ஏறுகிறது. மெஷின் விடுகிறது, நெஞ்சு இறங்குகிறது. அவள் உதட்டோரத்தில் பிளாஸ்டர் ஒட்டி ஒட்டித் தோல் சிவந்திருந்தது. இன்னொருவர் ஓட்டுகிற மூச்சில் என் மகள் கிடந்தாள்.

கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டியில் வந்தேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உட்கார்ந்து யோசித்தேன். நான் அந்த நாற்காலியில் தினமும் இருந்தால் அந்த மருந்து கொஞ்சம் அதிகமாகக் கேட்குமா? டாக்டரைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். "நீங்க இருந்தா அவளுக்கு நல்லதுதான். ஆனா மருந்து கேக்கிறதும் கேக்காததும் உங்க கையில இல்லம்மா. உங்க தம்பி குறை வைக்கல" என்றார்.

அப்புறம் கூடத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு மேடம் இருக்கிறாள். அந்தக் கதவு என் கையில் இருக்கிறது.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "அம்மா போயிட்டு வரேன், நீ விடாத" என்று மட்டும் சொன்னேன்.

உனக்குக் கோபம் வந்தது சரிதான். எனக்கும் என் மேல் வந்தது. இன்னும் போகவில்லை.

அக்கா

—

ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீட்டில் இருந்து எழுதுகிறேன். எந்த வீடு என்று கேள். நம் வீடு.

நீ போன பிறகு காய்ச்சல் இன்னும் ஒரு தடவை ஏறிப் பயமுறுத்தியது. அப்புறம் புது மருந்து வேலையை ஆரம்பித்தது. புட்டியில் வடிவது குறைந்தது, மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தொண்டைக் குழாயை எடுத்த அன்று அழுதாள், சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. சிம் போடாத போன் மாதிரி. தொண்டை புண்ணாகியிருக்கும், வரும் என்றார் டாக்டர். ரெண்டு நாள் ஊமைப்படம் ஓடியது. மூன்றாம் நாள் மேஜர் ஊசியோடு வந்ததும் வந்தது பார் ஒரு குரல், பக்கத்து வார்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். மேஜர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். தூசி என்றார். அவர் வார்டில் தூசியாம்.

இப்போது ஒல்லியாக இருக்கிறாள், நடை மறந்துவிட்டது, சுவரைப் பிடித்துப் பழகுகிறாள். திமிர் மறக்கவில்லை. விலாவில் ஒரு சின்னத் தழும்பு. கொஞ்ச நாளைக்கு இருமல் இருக்குமாம்.

மாமாவிடம் கம்பெனியில் தாள் என்னாச்சு என்று கேட்டார்களாம். "அவ போட மாட்டா, நானும் இனிமே கேக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் வேலையை எடுத்துவிட்டு மூட்டை தூக்கப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி தோளில் தைலம் தேய்த்துவிடுகிறேன். "வலிக்குதா மாமா?" என்றால், "வாயை மூடுடா" என்கிறார். ஆனால் இப்போது சொல்கிற விதம் வேறு.

பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் பிரசவத்துக்குப் பின் ஓய்வு என்று எழுதினேன். தலைமையாசிரியர் வெளியே நிற்க வைத்தார்.

அக்கா, நீ ஜெயித்துவிட்டாய். கையெழுத்தும் போடவில்லை, மேடமும் வந்துவிட்டாள். நீ செய்தது சரி என்று ஆகிவிட்டது.

வாலு

—

செப்டம்பர் 5

வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அறையில் படிக்கும்போது மேடத்துக்குக் குரல் வந்த இடத்தில் என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவள் வாங்கிப் படித்து முடித்தாள். மாமா தோளுக்குத் தைலம் மட்டும் போதாது, வெந்நீரும் வை. அவரிடம் நான் கேட்டதாகச் சொல். வேறு ஒன்றும் சொல்லாதே, மற்றதை நானே சொல்வேன். பிரசவ விடுப்புக்கு உன் முதுகில் நாலு வைக்க வேண்டும், வந்து வைக்கிறேன்.

கடைசியில் நீ எழுதியதை மட்டும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவள் பிழைத்ததால் நான் செய்தது சரி என்று எழுதாதே. அவளைப் பிழைக்க வைத்தது அந்த மருந்து, அந்த டாக்டர், அந்த நர்ஸ், நீ. என் பிடிவாதம் இல்லை. மருந்து கேட்காமல் போயிருந்தால், நான் செய்தது தப்பு என்று எழுதியிருப்பாயா? அப்படி எழுதியிருந்தால் என்னிடம் அதற்குப் பதில் இருந்திருக்காது. மிச்ச நாளெல்லாம் அதோடுதான் கிடந்திருப்பேன். ஆனால் அவள் பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தக் கதவு பூட்டித்தான் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டத்தான் அவர்கள் அந்தத் தாளைக் கொண்டுவந்தார்கள். நீயாவது அவிழ்த்து வை.

இருபதாம் தேதி விசாரணை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே கூண்டில் நிற்போம். வக்கீல் அம்மா என்னைத்தான் முதலில் பேசச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு அன்றைக்கு மட்டும் விடுப்புப் போடு, உண்மையான காரணத்தை எழுது. மேடத்தைக் கூட்டிக்கொண்டு வா, கம்பளிச் சட்டை போட்டு. முன் வரிசையில் உட்கார். அவ்வளவு நேரம் அவளால் சும்மா இருக்க முடியாது, கத்துவாள். கத்தினால் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. நீதிபதி நிமிர்ந்து பார்த்தால் பார்க்கட்டும். அவள் கத்தி முடிக்கும்வரைக்கும் நான் நின்றுகொண்டு இருக்கிறேன். அதற்கப்புறம் கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

அக்கா